மூடுவிழாக் கையேடு

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கு,

தாங்கள் எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில் வீற்றிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. பற்றாக்குறை என்று தாங்கள் திருவாய் மலர்ந்ததாகச் செய்தி வந்தது. அது போதும். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தின் அத்தனை கண்களும் ஒரே பக்கம் திரும்பும். கால்பந்து அரங்கத்தின் பக்கம் அல்ல. நிர்வாகக் கட்டடத்தின் புதுக் கண்ணாடி முகப்பின் பக்கமும் அல்ல. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், அரபி என்று பலகை தொங்குகிற பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிப் பக்கம்.

அயல்மொழித் துறையை மூடுவது யாராலும் முடியும். பாதிக்கப்பட்டவர்களே கடைசியில் நன்றி சொல்லிக் கும்பிடும்படி மூடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். தங்களுக்கு முன்னே சிலர் அந்தப் பயிற்சியில் தேறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் அவர்களில் முதல் வகுப்பு. அவர்கள் நடந்த வழியைப் படிப்படியாகத் தொகுத்துத் தங்கள் திருவடியில் வைக்கிறோம்.

படி 1: துண்டு விழுந்ததைச் சொல்லுங்கள், விழுந்த கதையைச் சொல்லாதீர்கள்

2023ஆம் ஆண்டில், மார்கன்டவுன் என்ற மலையூரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் தனக்கு 4.5 கோடி டாலர் துண்டு விழுகிறது என்று அறிவித்தது. ஆகஸ்டில் பரிந்துரை வந்தது: உலக மொழிகள், இலக்கியங்கள், மொழியியல் துறையை அடியோடு எடுத்துவிடலாம். 24 ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகலாம். பட்டம் வாங்க ஒரு மொழிப் பாடமாவது படித்திருக்கவேண்டும் என்ற விதியும் கூடவே போகலாம்.

துண்டு எப்படி விழுந்தது? அப்போதைய தலைவர் கார்டன் கீ 2014இல் மறுபடி பதவிக்கு வந்தபோது மாணவர் எண்ணிக்கையை 40,000க்குக் கொண்டுபோவோம் என்றார். எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியது. ஏறும் என்று நம்பி வாங்கிய கடன் மட்டும் இறங்க மறுத்தது. மாநில அரசு தன் மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தது. அதே அரசு 2023 ஜூலையில் தன் கணக்கை முடித்து, 180 கோடி டாலர் உபரி என்று மார்தட்டியது. உபரியில் நாற்பதில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்திருந்தால் பல்கலைக்கழகத்தின் பள்ளம் தூர்ந்திருக்கும். அப்படிக் கொடுப்பது மொழிகளை அவமதிப்பதாகும் என்று நினைத்தார்களோ என்னவோ!

மொழித்துறைக்காரர்கள் தங்கள் கணக்கை நீட்டினார்கள். நாங்கள் செலவழிப்பதைவிட எங்கள் வகுப்புகளில் வரும் கட்டணம் அதிகம் என்றார்கள். அந்தக் கணக்கைத் தாங்கள் பார்க்கவேண்டாம். கீ அவர்களின் அப்போதைய ஆண்டுச் சம்பளம் 8 லட்சம் டாலர். அதையும் யாரும் பார்க்கவேண்டாம். அவர் எப்போதும் போ டை கட்டிக்கொள்பவர். முன்பு ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தலைவராக இருந்தபோது போ டை, போ டை வடிவப் பிஸ்கட், சட்டையில் குத்தும் போ டை வில்லை என்று விளம்பரத்துக்கு விநியோகித்த வகையில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 64,000 டாலருக்கு மேல் ஆயிற்று என்று அங்குள்ள நாளிதழ் ஒன்று 2012இல் கணக்கெடுத்துப் போட்டது. பிஸ்கட்டுக்குத் துண்டு விழுவதில்லை. ரஷ்ய இலக்கணத்துக்குத்தான் விழும்.

படி 2: வெளியூரிலிருந்து ஒருவரை வரவழையுங்கள்

உள்ளூர்க்காரன் சொன்னால் அது சண்டை. வெளியிலிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு வந்தவர் சொன்னால் அது ஆய்வு. மேற்கு வர்ஜீனியாவும் ஓர் ஆலோசனை நிறுவனத்தை வரவழைத்தது. ஆலோசகர் வருவார். அவர் கையில் ஓர் அட்டவணை இருக்கும். அட்டவணையில் உயிரியலும் ஜப்பானியமும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைபட்டிருக்கும். கட்டத்துக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு எங்கே விழும் என்று அவர் வருவதற்கு முன்பே தங்களுக்குத் தெரியும், அதற்காகத்தானே வரவழைத்தீர்கள்!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கோகோல் என்ற ரஷ்யர் 1836இல் மேடையேற்றிய ‘அரசு ஆய்வாளர்’ என்றொரு நாடகம் இருக்கிறது. தலைநகரிலிருந்து வந்து விடுதியில் பாக்கி வைத்துவிட்டுக் கிடக்கும் ஒரு வெட்டிப் பேர்வழியை மேலிடத்து அதிகாரி என்று நம்பி, ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அவனுக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கும் கதை. அதைப் பாடமாக நடத்தும் துறை தங்கள் வளாகத்தில் இருந்தால், ஆலோசகர் வருவதற்கு முந்தின வாரமே அதை மூடிவிடுவது நல்லது. மாணவர்கள் தேவையில்லாத இடத்தில் சிரிப்பார்கள்.

படி 3: எண்ணப் பழகுங்கள்

தலைகளை எண்ணுவதில்தான் வித்தை இருக்கிறது. பிரெஞ்சைப் பட்டப் படிப்பாக எடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். செவிலியர் படிப்புக்கு நடுவே ஸ்பானியம் படிப்பவளை எண்ணாதீர்கள். அவள் நாளை ஒரு மருத்துவமனையில் ஆங்கிலம் தெரியாத நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கப்போகிறவள், ஆனால் அட்டவணையில் அவளுக்கு இடமில்லை. பொறியியல் படித்துக்கொண்டே ஜெர்மன் வகுப்பில் உட்காருகிறவனையும் எண்ணாதீர்கள். பட்டம் வாங்குகிறவர் மட்டுமே மாணவர். மற்றவர் எல்லாம் வழிப்போக்கர்.

அப்படியும் எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தால், பிரிட்டன் செய்ததைச் செய்யுங்கள். இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயம் என்ற நிலையை அரசு 2004இல் எடுத்துவிட்டது. பள்ளியில் மொழி எடுப்பவர் சரிந்தார்கள். பள்ளியில் சரிந்தால் கல்லூரியில் யார் வருவார்? 2023இல் பள்ளி இறுதியில் எழுதும் ஏ லெவல் தேர்வில் ஜெர்மன் எழுதியவர்கள் மூவாயிரத்தைத் தொடவில்லை. உடனே பல்கலைக்கழகங்கள் கையை விரித்தன: பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, நாங்கள் என்ன செய்வோம்? ஹல், ஆஸ்டன் என்று வரிசையாகக் கதவடைப்பு. தெருக்குழாயை அடைத்துவிட்டு, குடத்தோடு வருகிறவர் குறைந்துவிட்டார் என்று நகராட்சி அறிக்கை எழுதுவதைப் போன்ற நேர்த்தி இது.

அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் எடுத்த கணக்கில், 2016க்கும் 2021க்கும் இடையே கல்லூரிகளில் மொழி படிப்போர் 16.6 சதவீதம் குறைந்தார்கள். இதைத் தங்கள் அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுங்கள். அதே கணக்கில் கொரிய மொழி படிப்போர் 38 சதவீதம் கூடியிருக்கிறார்கள். பாட்டும் தொடர்களும் பிள்ளைகளைத் தாமாகவே ஒரு மொழியின் வாசலுக்குக் கூட்டிவந்திருக்கின்றன. வாசலைத் திறந்துவைக்க ஆள் போட்டால் உள்ளே வருவார்கள் என்பதுதான் இதன் பொருள். ஆகவே இந்த எண்ணை அடிக்குறிப்பில்கூடப் போடவேண்டாம்.

படி 4: ஆப் இருக்கிறதே!

ஆசிரியர்களுக்குப் பதில் என்ன என்று கேட்பார்கள். மேற்கு வர்ஜீனியா சொன்ன பதில் கல்வெட்டில் வெட்டத் தக்கது: இணையவழி மொழி ஆப் ஒன்றுடன் கூட்டு வைப்பது உட்பட மாற்று வழிகளை ஆராய்கிறோம். எந்த ஆப் என்று பெயர் சொல்லவில்லை. பச்சை ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட டுவோலிங்கோவின் தலைமையகம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. மார்கன்டவுனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அந்த ஆந்தைக் கூட்டில் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2023 முடிவில் ஒப்பந்தப் பணியாளர்களில் சுமார் 10 சதவீதத்தினரை அனுப்பிவிட்டார்கள். 2025 ஏப்ரலில், இனி எங்களுக்கு முதலில் செயற்கை நுண்ணறிவு என்று நிறுவனத் தலைவர் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியரை எடுத்துவிட்டு ஆப். ஆப்பில் பாடம் எழுதிய மனிதரை எடுத்துவிட்டு இயந்திரம். அந்த இயந்திரம் தின்று வளர்ந்ததோ, வேலை போன அதே மனிதர்கள் காலமெல்லாம் எழுதிக் குவித்ததை. சாப்பிட்ட வீட்டுக்கே தீ வைப்பதில் எத்தனை வேகம்!

இதில் ஒரு சின்னச் சிக்கல். அமெரிக்க வெளியுறவுத்துறை தன் தூதர்களுக்கு நடத்தும் பயிற்சிக் கழகம், அரபி, சீனம், ஜப்பானியம், கொரியம் ஒவ்வொன்றுக்கும் 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் ராணுவ மொழிக் கழகம் அரபிக்கு 64 வாரம் எடுத்துக்கொள்கிறது. அங்கே படைவீரன் எதிரில் ரத்தமும் சதையுமாக ஓர் ஆசிரியர் நிற்கிறார். தவறாக உச்சரித்தால் முகம் சுளிக்கிறார், ஓர் ஊர்க்காரன் ஏன் அந்த வார்த்தையைத் தாய் எதிரில் சொல்லமாட்டான் என்று விளக்குகிறார். ஆப் போதும் என்றால் ராணுவம் ஏன் இந்தத் தண்டச் செலவு செய்கிறது? கேட்காதீர்கள். சுடப்போகிறவனுக்கு 64 வாரம் ஆசிரியர். மேற்கு வர்ஜீனியாச் சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு ஆந்தை.

படி 5: தலையைக் கேட்டுக் கையை வாங்குங்கள்

முழுத் துறையும் போகிறது என்று அறிவியுங்கள். மாணவர்கள் தெருவுக்கு வருவார்கள். மார்கன்டவுனில் ஆகஸ்ட் 21 அன்று வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். ஆசிரியர்கள் கூடுவார்கள். அங்கே செப்டம்பரில் கீ மீது நம்பிக்கையில்லை என்று 797 பேரும் நம்பிக்கை உண்டு என்று 100 பேரும் வாக்களித்தார்கள். எண்ணிக்கைக்கு மதிப்புக் கொடுப்பது மொழித்துறையை மூடும்போது மட்டும்தான் என்பதால், இந்த எண்ணிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள். பிறகு தாயுள்ளத்தோடு கொஞ்சம் இறங்கி வாருங்கள். சரி, ஸ்பானியமும் சீனமும் வகுப்புகளாக மட்டும் இருக்கட்டும், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு ஆசிரியரும் இருக்கட்டும் என்று அருள்புரியுங்கள். செப்டம்பர் 15 அன்று ஆட்சிக் குழு கைதூக்கியது: 28 பட்டப் படிப்புகள், 143 ஆசிரியர் இடங்கள் காலி. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் பட்டங்கள் போயின. ஒன்றுமில்லாமல் போவதற்கு இதாவது மிஞ்சிற்றே என்று மற்றவர் பெருமூச்சு விட்டார்கள்.

ஏன் ஸ்பானியமும் சீனமும்? ஒன்றைப் பேசுகிறவர்கள் கூலிக்கு வந்து நிற்கிறார்கள், மற்றதைப் பேசுகிறவர்கள் போட்டிக்கு வந்து நிற்கிறார்கள். வேலை வாங்கவும் வேவு பார்க்கவும் வேண்டிய மொழி பிழைத்தது. தல்ஸ்தோயோடும் கேதேயோடும் பேரம் பேச என்ன இருக்கிறது?

இதே உத்தியை வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் கையாண்டது. 400 பணியிடங்கள் குறைப்பு. நவீன மொழிகள், இசை, செவிலியர் கல்வி எல்லாம் மூடல் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், மொழிகள் சுருங்கிய வடிவில் நீடிக்கலாம் என்று சில மாதங்களில் இறங்கி வந்தது. பாதி போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. மீதி நின்றதற்கு நன்றி சொன்னார்கள். தங்களுக்கும் சொல்வார்கள்.

படி 6: சரித்திரத்தைப் படிக்கவிடாதீர்கள்

சரித்திரத் துறையையும் கூடிய விரைவில் மூடுவது உத்தமம். ஏனென்றால் அங்கே இந்தக் கதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சென்னையில் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுக்க. எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி அங்கிருந்துதான் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதினார். கம்பெனிக்குத் தமிழ்க் காதலா? வரி வசூலிக்கவேண்டும், வழக்கு விசாரிக்கவேண்டும், யார் எங்கே கலகம் பேசுகிறான் என்று தெரியவேண்டும். கொள்ளையடிக்க வந்தவனுக்குக்கூடக் கொள்ளைபோகிறவன் பேசுவது புரியவேண்டும் என்ற குறைந்தபட்ச அறிவு இருந்தது.

1957இல் சோவியத் ஸ்புட்னிக் மேலே போனது. அமெரிக்காவுக்குக் குலை நடுங்கியது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அயல்மொழி கற்பிக்கப் பணம் கொட்டியது. தெற்காசியப் படிப்பு அங்கே வேர்விட்டதும், தமிழுக்கு வகுப்பறை கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். அப்போது சிகாகோவில் இருந்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 1967இல் நூலாக்கினார். பி.எல். 480 என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் முகம் சுளித்துச் சொல்லும் அந்த அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களில் அடுக்கினார்கள். நாம் தின்ற கோதுமைக்கு நம் நாவல்கள் கப்பலேறின. அன்பினால் அல்ல, பயத்தினால் நம்மைப் படித்தார்கள். ஆனாலும் படித்தார்கள்.

பயம் தெளிந்ததும் படிப்பும் தேய்ந்தது. 2001 செப்டம்பர் 10 அன்று, நாளை என்று நாள் குறிக்கும் அரபிச் செய்திகள் அமெரிக்க உளவு அமைப்பின் காதில் விழுந்தன. மொழிபெயர்த்து முடித்தது செப்டம்பர் 12 அன்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! புத்தி வந்ததா? மறு ஆண்டே மான்டரேயில் அரபி படித்துக்கொண்டிருந்த படைவீரர்களில் சிலரை, ஒருபாலீர்ப்பாளர் என்று கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்கள். பின்லாடன் பேச்சு புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒழுக்கம் முக்கியம். 2006இல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே எண்ணிச் சொன்னது: பாக்தாத் தூதரகத்தில் ஆயிரம் பேர், அரபி தெரிந்தவர் 33 பேர், சரளமாகப் பேசக்கூடியவர் ஆறு பேர். ஒரு நாட்டையே தலைகீழாகப் புரட்டிப்போட்டுவிட்டு, அந்த நாட்டுக்காரன் அழுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆறு பேர்.

2025இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1958 சட்டத்தின் வாரிசாக நின்ற மொழி நிதியை நடத்திவந்த அலுவலகத்தின் ஊழியர்களையே அமெரிக்கக் கல்வித்துறை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஸ்புட்னிக்குக்கு ஆந்தை பதில் சொல்லும்.

படி 7: பன்னாட்டு விழா எடுங்கள்

துறை போன பிறகு வளாகம் வெறிச்சென்று தெரியக்கூடாது. ஆண்டுக்கு ஒருநாள் உலகக் கலாசாரத் திருவிழா வையுங்கள். நூறு நாட்டுக் கொடி. மூலைக்கு மூலை சாப்பாட்டுக் கடை. இந்தியாவுக்குச் சமோசா, ஜப்பானுக்குச் சுஷி, அரபு நாடுகள் இருபத்திரண்டுக்கும் சேர்த்து ஒரே தட்டில் ஹம்மஸ். உள்ளூர் மாணவரைவிட அதிகக் கட்டணம் கட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளை அவரவர் உடையில் வரச் சொல்லுங்கள். தாங்கள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உலகளாவிய பார்வை என்று அட்டையில் போட்டு அடுத்த ஆண்டு விளம்பரப் புத்தகம் தயார். அந்தப் பிள்ளை எந்த நாட்டிலிருந்து வந்தாள், அவள் நாட்டில் இப்போது என்ன எரிகிறது, அவள் பாட்டி பாடிய பாட்டில் யார் யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். பதில் வந்தால் புரிந்துகொள்ள வளாகத்தில் ஆள் இல்லை.

கையேடு இத்துடன் முடிந்தது. தாங்கள், தங்கள் என்று வளைந்து நின்று முதுகு வலிக்கிறது. இனி நேராக நின்று பேசுவோம். நீங்களும் நேராகப் பார்த்துக் கேளுங்கள்.

நீங்கள் எல்லாருடைய மொழித் துறையையும் மூடவில்லை. யேலில் மொழிப் பாடம் இன்னும் கட்டாயம். கொலம்பியாவில் கட்டாயம். பிரின்ஸ்டனில் கலைப் பட்டத்துக்குக் கட்டாயம். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் போய், உனக்கு எதற்கு அரபி, ஆப் வாங்கிக்கொள் என்று எந்த ஆலோசகரும் சொல்வதில்லை. நாளை தூதராகப் போகிறவன், வங்கி நடத்தப்போகிறவன், பத்திரிகை ஆளப்போகிறவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு உலகம் வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் பிள்ளைக்கு வேலைக்கான திறன் போதும். இதற்குப் பற்றாக்குறை என்று பெயர் வைக்காதீர்கள். இது வர்ணம் பிரிப்பது. யார் படிக்கலாம், யார் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று விதி எழுதிய ஊரிலிருந்து வருகிறோம்; வாடை எங்களுக்குத் தெரியும்.

மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 1867இல் பிறந்தது எந்தச் சட்டத்தால்? 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தால். உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகளுக்கு வேளாண்மையும் இயந்திரக் கலையும் கற்பிக்க அரசு நிலம் கொடுத்தது. கூடவே, செவ்வியல் படிப்பை விலக்கக்கூடாது என்றும் அதே சட்டத்தில் எழுதியது. கலப்பை பிடிக்கிறவனும் ஹோமர் படிக்கட்டும் என்று உள்நாட்டுப் போரின் நடுவே, கஜானா காலியாகிக்கொண்டிருந்த நாளில், ஓர் அரசு சொன்னது. 180 கோடி டாலர் உபரி வைத்திருந்த அரசு ஒன்று அதைத் துடைத்துப் போட்டது.

அந்த மலைகளைக் குடைந்தது யார்? மார்கன்டவுனுக்குப் பக்கத்துக் கவுன்டியில் மோனோங்கா என்று ஓர் ஊர். 1907 டிசம்பர் 6 அன்று அங்கே சுரங்கம் வெடித்து, அரசுக் கணக்கிலேயே 362 பேர் செத்தார்கள். அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. செத்தவர்களில் இத்தாலியர் ஏராளம். போலந்துக்காரர்களும் ஸ்லாவியரும் உண்டு. தாய்மொழியில் அலறித்தான் செத்திருப்பார்கள். அந்தத் தாத்தாக்களின் பேத்திகளைப் பார்த்து, அயல்மொழி உன் மாநிலத்துக்கு ஒத்துவராது என்கிறீர்கள். அவர்கள் எலும்பின்மேல் நின்றுகொண்டு!

‘வெள்ளைக்காரனுக்கு வேணும்’ என்று இங்கே உட்கார்ந்து சிரிக்கும் அன்பருக்கும் ஒரு வார்த்தை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் அந்தத் தொகை நிறைந்தபோது ஹார்வர்டின் சொந்த நிதி 3,900 கோடி டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொடுத்ததைக் குறைசொல்லவில்லை, உலகம் தமிழைப் படிக்கட்டும். உலகத்தைப் படிக்க நாம் எவ்வளவு கொடுத்தோம்? எந்தச் சட்டமன்றத்தில், எந்த மாநாட்டில், நம் பிள்ளைகள் அரபியும் ஸ்வாஹிலியும் பாரசீகமும் படிக்க ஓர் இருக்கை வேண்டும் என்று கை தட்டினோம்? அடுத்தவன் நம்மைப் படிக்கவேண்டும், நாம் அடுத்தவனைப் படிக்கத் தேவையில்லை என்ற நினைப்பில் நமக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வித்தியாசம், அவனிடம் விமானந்தாங்கிக் கப்பல் இருக்கிறது என்பது மட்டும்தான்.

நம் ஊரில் பிரெஞ்சு எதற்கு? பிளஸ் டூவில் மார்க் அள்ளுவதற்கு. கல்லூரியில் பார்ட் ஒன் தாளைத் தொல்லையில்லாமல் தாண்டுவதற்கு. நூற்றுக்கு 99 வாங்கியவன் பாண்டிச்சேரிக் கடற்கரையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். ஜப்பானியமும் ஜெர்மனும் எதற்கு? பிளேஸ்மென்டுக்கு. கம்பெனி எந்த மொழியில் சம்பளம் போடுகிறதோ அந்த மொழிக்கு ஆறு மாத வகுப்பு. அந்த மொழிகளின் கவிஞர்களான பாஷோவும் ரில்கேயும் சிலபஸில் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு ஆண்டுகள் போர் நடந்தது. சிங்களவர் மனம் இப்படி, சிங்களவர் சூழ்ச்சி அப்படி என்று நாம் ஏறாத மேடை இல்லை. சிங்கள நாளிதழ் ஒன்றைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேடையேறியவர் எத்தனை பேர்? நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய சிங்கள மொழி அறிஞர் என்று உங்கள் நினைவுக்கு வரும் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள், பார்ப்போம். எதிரி என்று நினைத்தாலும் அவன் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறான் என்று தெரியவேண்டாமா? அங்கேயும் போரை எதிர்த்து எழுதிச் செத்த பத்திரிகையாளர்கள் உண்டு, மகனைக் காணாமல் தெருத்தெருவாக அலைந்த தாய்மார் உண்டு. அவர்களோடு ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் இத்தனை ஆண்டும் நம் மைக்கில் நாமே கத்தி, நம் கைதட்டலை நாமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

துணைவேந்தரே, உங்களிடமே முடிக்கிறேன். அடுத்த போரோ அடுத்த கொள்ளைநோயோ ஒருநாள் வரும். அமைச்சர் பதறியடித்து உங்களைக் கூப்பிடுவார்: அந்த மொழி தெரிந்தவர் பத்துப் பேர் உடனே வேண்டும். மொழி தெரிந்தவர் பத்து மாதத்தில் விளைவதில்லை. ஒரு மாணவி எழுத்தில் தொடங்கி, அந்த ஊரில் போய்த் தங்கி, அவமானப்பட்டு, நட்புக் கொண்டு, அந்த மக்களின் கோபமும் பகடியும் புரிகிற இடத்துக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆகும். அவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியுள்ளவர் உருவாக இன்னும் இருபது ஆண்டு. நீங்கள் ஒரு மதியக் கூட்டத்தில், காபி ஆறுவதற்குள், கைதூக்கி அழித்தது அந்த இருபத்தெட்டு ஆண்டுகளை. அது உங்கள் பணம் இல்லை, உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை; வரி கட்டியவனும் கட்டணம் கட்டியவளும் உங்களை நம்பி ஒப்படைத்தது. அமைச்சர் கூப்பிடும் அன்று நீங்கள் ஓய்வூதியத்தில் இருப்பீர்கள். ஆகவே பதிலை இப்போதே எழுதி, கையெழுத்திட்டு, பெயர் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். யார் மூடியது என்று தேடி அலையும் வேலையையாவது பிள்ளைகளுக்கு மிச்சப்படுத்துங்கள்.